கேட் வரை வந்து திரும்பிய ஞாயிறுகள்

ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தாலும், ரசம் வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "மேடம், டைவர்ஸ் ஆச்சுன்னா சட்டப்படி புள்ள யாருக்குப் போவும்?" மணமக்களுக்கு அட்சதை போட்ட கையோடு வந்து உட்கார்ந்து இப்படிக் கேட்பார்கள். கடலூர் குடும்ப நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆலோசகராக இருந்தவளுக்கு இந்த மரியாதைதான் மிச்சம்.

யாருக்கும் போகாது, பிள்ளை என்ன பட்டா நிலமா என்று நான் சொல்வேன். கேட்டவர் ஏமாந்துபோய் அப்பளத்தை நொறுக்குவார். ஆனால் பதில் அதுதான். சட்டம் பக்கம் பக்கமாகச் சொல்வதெல்லாம் கடைசியில் பிள்ளைக்கு எது நல்லது என்ற இடத்தில் வந்து நிற்கும். ஐந்து வயதுக்குள் என்றால் பெரும்பாலும் அம்மாவிடம். அதற்கு மேல் என்றால் காலையில் எழுப்புவது யார், காய்ச்சல் வந்தால் லீவு போடுவது யார், ஸ்கூலில் கையெழுத்துப் போடுவது யார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். யாரிடம் இருந்தாலும் மற்றவர் பார்ப்பதற்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பார்கள். அந்த உத்தரவையும் பிள்ளை வளர வளர மாற்றலாம். முடிவு செய்வது நீதிபதி. நாலு சுவருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்து அவருக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி இதுவரை எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சமூகப்பணி படித்தேன். மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் ஆறு வருஷம் எழுபது பிள்ளைகளை மேய்த்தேன். எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன் என்கிற திமிர் அங்கேதான் எனக்கு வந்தது. அந்தத் திமிரோடுதான் கோர்ட்டுக்குள் நுழைந்தேன்.

பல நீதிபதிகளிடம் வேலை பார்த்தேன். மறக்க முடியாதவர் ஒரு அம்மா. மூன்று வருஷம் இருந்தார்கள். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது கத்தினால் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, கத்தி முடிக்கும்வரை அவரையே பார்ப்பார்கள். பெரிய பெரிய வக்கீல்களே அந்தப் பார்வைக்கு முன்னால் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் பேச வேண்டுமென்றால் சேம்பருக்குக் கூப்பிடுவார்கள். அங்கி, கழுத்துப் பட்டை இரண்டையும் கழற்றி மாட்டிவிட்டு, பெரிய நாற்காலியை விட்டு இறங்கி, பிள்ளைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார்கள். மிட்டாய் கிடையாது. சாட்சிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது வளர்மதி, எட்டு வயசானாலும் சாட்சி சாட்சிதான் என்று என்னிடம் சிரிக்காமல் சொன்னார்கள். அம்மாவிடம் இருக்கிறாயா அப்பாவிடம் இருக்கிறாயா என்ற கேள்வியை அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டிலிருந்து ஸ்கூலுக்கு எந்த வழியாகப் போவாய், தலை யார் பின்னிவிட்டது, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள் என்று கேட்பார்கள். கால் மணி நேரத்தில் அந்த வீடே மேஜை மேல் வந்துவிடும்.

ஜீவனாம்சத்தையும் பார்க்கிற நேரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். பணம் வரவில்லை, பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்பாள் ஒருத்தி. காட்டவில்லை, பணம் தர மாட்டேன் என்பான் ஒருவன். இந்த அம்மாவிடம் அது செல்லாது. இரண்டு மனுவையும் ஒரே நாளில் எடுக்கவே மாட்டார்கள். பிள்ளைக்குச் சோறும் வேண்டும், அப்பாவும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று அடமானம் இல்லை என்று ஒருமுறை திறந்த கோர்ட்டில் சொன்னார்கள். அன்றைக்கு இரண்டு தரப்பு வக்கீல்களும் சேர்ந்தே முகம் சுளித்தார்கள்.

என் அறிக்கைகள் மட்டும் அவர்களிடம் படாத பாடு படும். சிவப்புப் பென்சிலை எடுத்து, "பாசமுள்ள", "பிடிவாதமான", "வெறுப்புடன்" எல்லாவற்றையும் சுழித்துத் திருப்பி அனுப்புவார்கள். "நீங்க பாத்தத எழுதுங்க. நெனைக்கிறத நான் நெனைச்சுக்கிறேன்" என்பார்கள். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் புலம்புவேன். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், அந்த அம்மா சொல்வது சரிதானே என்பார்.

பார்க்கிற நேரம் எங்கள் கோர்ட்டில் ஞாயிறு காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. ஏன் ஞாயிறு என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் லீவு நாள்தானே. உத்தரவில் அந்தப் பத்தியை பெஞ்ச் கிளார்க் கம்ப்யூட்டரில் சேமித்தே வைத்திருந்தார். பெயரை மட்டும் மாற்றுவார். ஆலோசனைக் கூடத்தைத் திறந்து வைத்து எங்களில் ஒருவர் முறை போட்டு உட்காருவோம். பிள்ளையைக் கொண்டு வருபவர் கேட்டோடு நின்றுவிட வேண்டும். பார்க்க வந்தவர் கூடத்தை விட்டு வெளியே வரக் கூடாது. கேட்டில் ஒருமுறை ஒரு மாமனாரும் மருமகனும் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு நான் எழுதிய விதி அது. நோட்டீஸ் போர்டில் என் கையெழுத்தோடு ஒட்டியிருந்தேன்.

சபேசன் சிதம்பரத்துக்காரர். கீழ வீதிக்கு அருகில் சின்ன மருந்துக்கடை. வீடு கோயிலுக்குப் பக்கத்திலேயே. ஆறு கால பூஜையில் ஒன்றையாவது பார்க்காமல் அவர் அம்மா சாப்பிட மாட்டாராம். ரெஜினா கடலூர் முதுநகர், பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். சிதம்பரத்தில் படிக்கும்போது தலைவலி மாத்திரை வாங்கப் போய் வந்த பழக்கம், பதிவுத் திருமணத்தில் முடிந்தது. இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு சபேசனின் அம்மா ஏற்றுக்கொண்டார். ஆனால் ஏற்றுக்கொண்ட வீட்டில் ரெஜினாவால் மூச்சு விட முடியவில்லை. அடி உதை, குடி, வேறு பெண் எதுவும் இல்லை. அவரால் அம்மாவை விட்டு வர முடியவில்லை, இவளால் அங்கே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட வழக்குகள்தான் கஷ்டம். திட்டுவதற்கு யாரும் கிடைக்க மாட்டார்கள்.

ஒரே பெண், அமலா. எட்டு முடிந்து ஒன்பது. பிரிந்ததிலிருந்து அம்மாவோடு முதுநகரில் இருந்தாள். சபேசன் மாதச் செலவைச் சொன்ன தேதிக்கு அனுப்பிவிடுவார். வழக்கு முடியும்வரை பெண் அம்மாவிடம், ஞாயிறுதோறும் அப்பா பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு ஆனது. பெஞ்ச் கிளார்க் பெயரை மாற்றினார்.

முதல் ஞாயிறு சபேசன் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டார். சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். கையில் வர்ணம் தீட்டும் புத்தகமும் ஒரு பிளாஸ்க்கும் இருந்தன. ஒன்பதரைக்கு ஆட்டோ வந்தது. ரெஜினா இறங்கினாள், பிள்ளை இறங்கியது, கேட்டைப் பார்த்தது, அம்மா கையை இழுத்துக்கொண்டு ஆட்டோப் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தது. கால் மணி நேரம் ரெஜினா குனிந்து என்னவோ சொல்லிப் பார்த்தாள். நான் போய்க் கூப்பிட்டேன். பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் ஆட்டோ திரும்பிப் போனது. சபேசன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். என் விதியை ஒரு அடிகூட மீறவில்லை.

பதின்மூன்று ஞாயிறுகளில் பதினோரு தடவை இதே கதை. நடுவில் இரண்டு ஞாயிறு மட்டும் அமலா ஓடி வந்து அவர் மடியில் உட்கார்ந்து, பன்னிரண்டரைக்குக் கிளம்ப மனசில்லாமல் கிளம்பினாள். அதையும் பதிவேட்டில் எழுதினேன். அறிக்கை எழுதும்போது, எப்போதாவது மனம் மாறுகிறாள் என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். கடைசி வரியாக இப்படி எழுதினேன்: "சிறுமிக்குத் தந்தையைப் பார்க்க விருப்பம் இல்லை."

நீதிபதி அம்மா அந்த வரியில் சிவப்புப் பென்சில் போட்டார்கள். நான் விடவில்லை. பதினோரு வாரம் என் கண்ணால் பார்த்தேன், இது நினைப்பு இல்லை என்று சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, சரி, உங்கள் பொறுப்பு என்று கோப்பில் சேர்த்தார்கள்.

அந்த ஒரு வரியை வைத்து ரெஜினாவின் வக்கீல் மனுப் போட்டார். பிள்ளைக்கே விருப்பமில்லை என்று கோர்ட் ஆலோசகரே சொல்லிவிட்டதால், அப்பா பார்ப்பதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று. அடுத்த திங்கட்கிழமை விசாரணை. வெள்ளிக்கிழமை சபேசன் என் அறைக்கு வந்தார். எதிர்த்து வாதாடப் போவதில்லை, ஆட்சேபணை இல்லை என்று மெமோ கொடுக்கப் போவதாகச் சொன்னார். பெண்ணை அழ வைத்துத்தான் பார்க்க வேண்டுமா என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "நீங்க எழுதுனது நெசந்தானே மேடம்? எனக்காக ஒண்ணும் மாத்திச் சொல்ல வேணாம்" என்றார்.

நெசந்தான் என்று சொன்னேன். அவ்வளவு தெளிவாகச் சொன்னேன்.

அன்று சாயந்திரம் கோப்பில் ஒரு சீட்டு செருகி வந்தது. உத்தரவுக்கு முன்னால் சொல்லாமல் போய் வீட்டைப் பார்த்து வரவும். நீதிபதி அம்மாவின் கையெழுத்து. பிள்ளை விஷயத்தில் கடைசி உத்தரவு எதுவானாலும் அவர்கள் இப்படி ஒருமுறை அனுப்புவார்கள். மறுநாள் செம்மண்டலத்தில் என் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. மாலையாவது போட்டுவிட்டுப் போகிறேன் என்று முனகிக்கொண்டே, சாப்பாடு ஆனதும் முதுநகருக்கு ஆட்டோ பிடித்தேன்.

இரண்டு அறை வீடு. ரயில் போனால் டம்ளர் அதிரும். ரெஜினா என்னைக் கண்டு வெளிறிப்போய் காபி போட உள்ளே போனாள். அமலா தரையில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மடியில் ஒரு சின்னப் புத்தகம், பக்கத்தில் ஒரு அட்டை. அட்டையில் வரிசையாகத் தேதிகள். சிலவற்றில் நீல மையில் டிக், மற்றதில் எல்லாம் சிவப்பு மையில் "தாமதம்". இது என்ன பாப்பா என்று கேட்டேன்.

"ஞானோபதேச கிளாஸ் அட்டை. புது நன்மைக்கு." மாதா கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு முன்னால் நடக்கும் வேதபாட வகுப்பு. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் ரெண்டு செவப்பு விழுந்தா இந்த வருசம் கெடையாதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. எல்லாரும் வெள்ள கவுன் போட்டு வாங்குவாங்க, நான் மட்டும் பெஞ்சுல ஒக்காந்திருக்கணும்."

கிளாஸ் எத்தனை மணிக்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒன்பதேகாலுக்கு.

பையிலிருந்து பதிவேட்டை எடுத்தேன். அட்டையின் தேதிகளையும் என் தேதிகளையும் விரல் வைத்துப் பார்த்தேன். பதினோரு சிவப்பும் என் பதினோரு ஞாயிறுகள். அவள் அப்பா மடியில் உட்கார்ந்திருந்த இரண்டு ஞாயிறும் அட்டையில் இல்லவே இல்லை. சிஸ்டர் தியானத்துக்குப் போயிருந்ததால் அந்த இரண்டு வாரமும் கிளாஸ் இல்லையாம். அந்தப் பிள்ளை அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்று அழவில்லை. கிளாசுக்கு நேரமாகிறது என்று அழுதிருக்கிறது.

இதை ஏனம்மா சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அமலா சமையலறைப் பக்கம் பார்த்தாள். ரெஜினா காபியை வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். விஷயம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. கோர்ட்டில் மாதா கோயில், பூசை என்று வாயைத் திறந்தால் மதப் பிரச்சினை ஆகிவிடும், பெண்ணை அப்பாவிடம் கொடுத்துவிடுவார்கள் என்று வக்கீல் எச்சரித்திருக்கிறார். சரி, சிஸ்டரிடமாவது சொல்லி லீவு வாங்கியிருக்கலாமே என்றால், வழக்கு நடப்பதே பங்குக் கோயிலில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாள். அங்கே கோர்ட்டைச் சொல்ல முடியாது, இங்கே கோயிலைச் சொல்ல முடியாது. நடுவில் ஒன்பது வயதுப் பிள்ளையின் வாய்க்கு இரண்டு பக்கமும் பூட்டு.

"அவரு கெட்டவரு இல்ல மேடம்" என்றாள் ரெஜினா. "ஆனா எங்கிட்ட இருக்கறது இவ ஒருத்திதான். பயந்துட்டேன்."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல் வந்த கோபத்துக்கே இடம் போதவில்லை. ஆறு வருஷம் எழுபது பிள்ளைகளை மேய்த்தவள், இத்தனை வாரத்தில் ஒருநாளாவது மண்டியிட்டு, எதற்கம்மா அழுகிறாய், எங்கே போக வேண்டும் என்று கேட்டேனா? வா, அப்பா காத்திருக்கிறார் என்று மட்டும்தான் கூப்பிட்டேன்.

திங்கள் காலை அம்மாவின் சேம்பரில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்கள். பிறகு, பார்த்தது ஒரு தாளில், எழுதியது ஒரு தாளில், இன்றைக்குத் தெரிந்தது ஒரு தாளில் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொன்னார்கள். பழைய அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுக்கக் கூடாது, அது அங்கேயே இருக்கட்டும். "நீங்களே படிங்க. ரெண்டு பேரும் இருக்கறப்ப."

வழக்கு கூப்பிட்டார்கள். நின்றுகொண்டு படித்தேன். என் முந்தைய அறிக்கையின் கடைசி வரி தவறு என்று படிக்கும்போது ரெஜினாவின் வக்கீல் எழுந்து, அப்படியானால் இவர் கொடுத்த எந்த அறிக்கையை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ரெஜினாவோடு வந்திருந்த அமலாவைச் சேம்பருக்கு அழைத்துப் போனார்கள். கால் மணி நேரம் கழித்து அங்கியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

சபேசன் மெமோவை மடித்துக் கையில் வைத்திருந்தார். பார்ட்டிகள் ஒருவரோடு ஒருவர் கோர்ட்டில் பேசக் கூடாது. அவர் ரெஜினாவைப் பார்த்து நேராகப் பேசினார். "கேட்டிருந்தா நானே கொண்டுபோய் உட்டுட்டு, முடியிற வரைக்கும் வெளிய நின்னிருப்பேனே ரெஜி." நீதிபதி அம்மா தடுக்கவில்லை. அமைதி காக்க நிற்கும் டவாலிகூட அசையவில்லை. ரெஜினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனு தள்ளுபடி ஆனது. பெண் அம்மாவிடமே இருப்பாள், சனிக்கிழமை பத்திலிருந்து ஐந்து வரை அப்பாவோடு, முதல் மாதம் மட்டும் கோர்ட் கூடத்தில், பிறகு வெளியே என்று உத்தரவு. பெஞ்ச் கிளார்க்கின் கம்ப்யூட்டரில் இருந்த பத்தியை அன்றே அழிக்கச் சொன்னார்கள். இனிமேல் ஒவ்வொரு வழக்கிலும் பிள்ளையின் வாரம் எப்படிப் போகிறது என்று கேட்டு நாள் குறிக்க வேண்டும். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

முதல் சனிக்கிழமை என் முறை இல்லை. கேட்டு வாங்கிப் போய் உட்கார்ந்தேன். அமலா தன்னுடைய சின்னப் புத்தகத்தோடு வந்தாள். அடுத்த நாள் சிஸ்டர் ஒப்புவிக்கச் சொல்லியிருந்தார். திருநீறு நெற்றியோடு சபேசன் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் கண்ணை மூடிக்கொண்டு விசுவாச மந்திரம் சொன்னாள். தடுமாறிய இடத்தில் அவர் எழுத்துக்கூட்டிப் படித்து எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை தப்பில்லாமல் சொல்லி முடித்ததும் பிளாஸ்க்கைத் திறந்து ஹார்லிக்ஸ் ஊற்றினார்.

குடித்துக்கொண்டே அவள் கேட்டாள். "நான் அங்க கேட்டுல நின்னு அழுதேன் இல்ல, நீ ஜன்னல்லயே நின்னுக்கிட்டிருந்த. ஏம்ப்பா ஒருநாளாச்சும் வந்து ஏன் அழுவுறேன்னு கேக்கல?"

அவருக்குப் பின்னால்தான் நோட்டீஸ் போர்டு. கூடத்தை விட்டு வெளியே வரக் கூடாது, கீழே என் கையெழுத்து. நான் நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பியிருந்தால், ஒரு விரலை நீட்டியிருந்தால்கூடப் போதும்.

"தோணல பாப்பா" என்றார் சபேசன். "அப்பா மேலதான் தப்பு."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு டம்ளரை நீட்டினாள். ஐந்து மணி வரை கூடத்தை விட்டு அசையக் கூடாதவள் நான். எழுந்து வராந்தாவுக்குப் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே நின்றேன்.